சோளனுக்கும் சோயாவுக்கும் பசளையை எங்கே இடுவது: வீசுவதா, வரிசையில் புதைப்பதா?

வெருகல்_இளையவன்

எல்லோருக்கும் வணக்கம். வரும் பெரும்போகத்துக்கு, அதாவது மாரி மழைப் பயிருக்கு, திருகோணமலை மாவட்டத்தில் ஈச்சிலம்பற்றுப் பக்கம் இரண்டு ஏக்கர் மேட்டு நிலத்தில் சோளன் (மக்காச்சோளம்) போட இருக்கிறேன். அதை ஒட்டிய ஒரு ஏக்கரில் சோயா போட்டுப் பார்க்கவும் எண்ணம். அந்தத் துண்டில் இதுவரை யாரும் சோயா போட்டதில்லை. செங்கபில மண், கீழ்ப்பக்கம் போகப் போகக் கொஞ்சம் களி.

எவ்வளவு பசளை என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுக்கொள்வேன். எங்கே போடுவது என்பதில்தான் குழப்பம். அமெரிக்கச் சோள நாட்டைப் பற்றிய கட்டுரைகள் சில வாசித்தேன். ஒன்றில் விதைக்குப் பக்கவாட்டில் இரண்டு அங்குலம், கீழே இரண்டு அங்குலம் தள்ளிப் பட்டையாக, அதாவது ஒடுக்கமான கோடாக, இட வேண்டும் என்கிறார்கள். இன்னொன்று ஆழமாகப் புதைக்கச் சொல்கிறது. வேறொன்றில், வீசினாலும் புதைத்தாலும் விளைச்சலில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அங்குள்ள அயோவா மாநிலச் சோதனைகளைக் காட்டுகிறார்கள். எதை நம்புவது?

என்னிடம் லேண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) உண்டு. விதைக்கிற இயந்திரம் இல்லை. ஆள் பிடிப்பதும் கஷ்டம். இன்றைய விலைக்குச் சிபாரிசு அளவு முழுவதையும் வாங்க முடியுமா என்பதும் சந்தேகம்.

தம்பலகாமம்_கமக்காரன்

தம்பி, வீசிவிட்டு உழுது போடும். ஒரு ஏக்கரை ஒரு ஆள் ஒரு மணித்தியாலத்துக்குள் வீசி முடிப்பான். வரிசை கிழித்து, பசளை இட்டு, மூடி, பிறகு விதைப்பது என்றால் எத்தனை ஆள் வேண்டும்? ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் விதை மண்ணுக்குள் போக வேண்டும். பசளை இடும் முறையைப் பார்த்துக்கொண்டு ஒரு கிழமை பிந்தினால், பயிர் சின்னனாக இருக்கும்போதே கார்த்திகை மழையில் அகப்பட்டுவிடும். சோளன் குருத்து தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. காலத்தில் விதைக்கிறதுதான் முதல் பசளை.

மண்ணும்_பயிரும் (கந்தளாய்)

ஐயா சொன்னதில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். விதைப்பு பிந்துவதால் வரும் நட்டத்தைப் பசளை இடும் முறையால் ஈடுகட்ட முடியாது. ஆனால் வீசினால் போதும் என்பதைத்தான் ஏற்க மாட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி வாசித்த கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரணானவை மாதிரித் தெரியும். அவை வேறு வேறு மண்ணைப் பற்றியவை. அயோவாவில் பொசுபரசை வீசினாலும் பட்டையாக இட்டாலும் விளைச்சல் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகம் பல இடங்களில் சோதித்துச் சொன்னது உண்மை. உழாமல் விதைக்கிற நிலங்களில் பொற்றாசியத்தை ஆழமாக இட்டால் சில இடங்களில் சிறிது கூடுதலாகக் கிடைத்தது என்றும் அவர்களே சொன்னார்கள். ஆனால் அந்த மண் எப்படிப்பட்டது? கறுத்த புல்வெளி மண், சேதனப் பொருள் நிறைய. அதற்கு மேலே பல பத்தாண்டுகளாகப் பசளை போட்டுச் சேர்த்து வைத்த பொசுபரசு. ஏற்கெனவே நிறைந்த மண்ணில் எங்கே போட்டாலும் வேருக்குக் கிடைக்கும். எங்கள் செங்கபில மண்ணில் அந்தக் கையிருப்பு இல்லை. சேதனப் பொருளும் வெயிலில் எரிந்து போகிறது.

விதைக்குப் பக்கத்தில் சிறு பட்டை இடுகிற பழக்கம் அங்கே வந்ததற்கு முக்கிய காரணம் குளிர். சித்திரை, வைகாசியில் விதைக்கும்போது அவர்களுடைய மண் இன்னும் குளிர்ந்துதான் கிடக்கும். குளிர்ந்த மண்ணில் வேர் மெதுவாக நீளும், பொசுபரசை எட்டிப் பிடிக்க முடியாமல் இலை ஊதா நிறமாகும். அதனால் வாயருகே வைத்துக் கொடுக்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இங்கே பட்டையாக இடுவதற்கு வேறு காரணம் இருக்கிறது.

பொசுபரசு மண்ணில் நகராது. விழுந்த இடத்திலிருந்து சில மில்லிமீற்றர்தான் போகும். வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். வீசி உழும்போது ஒவ்வொரு மணியும் நிறைய மண்ணோடு கலக்கிறது. செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் அதில் ஒரு பங்கைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. வரிசையில் ஒடுக்கமாக இட்டால் மண்ணோடு தொடுகிற பரப்பு குறைவு, கட்டுப்படுவதும் குறைவு. இளம் வேர் இறங்குகிற பாதையிலேயே அது இருக்கும். வரிசைக்கு நடுவில் முளைக்கிற புல்லுக்கும் போய்ச் சேராது.

முழு அளவு வாங்கி, மண்ணும் வளமாக இருந்தால் வீசலாம், நட்டமில்லை. காசு குறைவு, மண்ணும் மெலிவு என்றால் புதைக்கத்தான் வேண்டும். கையில் இருப்பது குறையக் குறைய, அதை இடுகிற இடம் முக்கியமாகிறது. இதுதான் என் கட்சி.

அதற்காக எல்லாப் பசளையையும் வரிசையில் புதைக்கச் சொல்லவில்லை. எருவை வீசுங்கள். பொசுபரசுப் பசளையான டி.எஸ்.பியை வரிசையில் இடுங்கள். யூரியாவை எங்கே இட்டாலும் மண்ணால் மூடுங்கள். பொற்றாசியப் பசளையான எம்.ஓ.பியைக் களிப்பாங்கான இடத்தில் வீசினாலும் பரவாயில்லை. வரிசையில் இடுவதானால் விதையில் படக்கூடாது. அது உப்பு, விதையைச் சுற்றியுள்ள ஈரத்தை இழுத்துவிடும்.

கிண்ணியா_காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். நம்மட பக்கம் இயந்திரம் இல்லாமல் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

நிலத்தைப் பண்படுத்தின பிறகு இரண்டடி, அதாவது 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் கயிறு பிடித்து வரிசை கிழியுங்கள். லேண்ட்மாஸ்டரில் கலப்பையின் ஒரு கொழுவை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றினால் அதுவே கிழிக்கும். ஆழம் ஒரு சாண் வேண்டாம், அரைச் சாண் போதும். பசளையை அடியில் தூவிக்கொண்டே ஒருவர் நடப்பார். பின்னால் வருகிறவர் காலால் மூன்று விரல் மொத்தத்துக்கு மண் தள்ளுவார். அந்த மண்ணின் மேல், கோட்டுக்குக் கொஞ்சம் ஒரு பக்கமாக, 30 சென்ரிமீற்றருக்கு ஒரு விதை. வரிசையாக விதைக்கிறவனுக்குக் கயிறும் கோடும் எப்படியும் வேண்டும்தானே. கூடுதல் வேலை என்பது தூவுகிற ஆள் மட்டும்தான்.

அளவுக்குக் கணக்கு இருக்கிறது. 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒரு ஏக்கருக்கு மொத்த வரிசை நீளம் ஏறக்குறைய 6,750 மீற்றர் வரும். ஏக்கருக்கு 40 கிலோ டி.எஸ்.பி என்றால் மீற்றருக்கு 6 கிராம். சோடாப் போத்தலின் பிளாஸ்ரிக் மூடி ஒன்றில் கிட்டத்தட்ட அவ்வளவு பிடிக்கும். ஆனால் நகைக்கடைத் தராசோ சமையல் தராசோ இருந்தால் உங்கட மூடியில் பத்து மூடி அளந்து நிறுத்துப் பாருங்கள். பசளைக்குப் பசளை பாரம் மாறும். யூரியா மூடி நிறைய இருந்தாலும் எடை குறையும்.

இன்னொன்று, யூரியாவையும் டி.எஸ்.பியையும் முதல் நாளே கலந்து வைக்க வேண்டாம். ஈரம் கசிந்து களி மாதிரி ஆகிவிடும், கையிலிருந்து விழாது. வரிசையில் இறங்குகிற நேரம் கலக்குங்கள்.

தம்பலகாமம்_கமக்காரன்

காக்கா சொன்ன கணக்கு நல்லது. வரிசை கிழிக்கிற வேலை எப்படியும் உண்டு என்பதை நான் யோசிக்க வேண்டியதுதான். சோளனைக் கொத்தித்தான் ஊன்றுகிறோம் எங்கள் பக்கத்தில், அதுதான் கேட்டேன். கொத்தி ஊன்றுகிறவன் என்ன செய்வது?

கிண்ணியா_காக்கா

இரண்டு குழி, ஐயா. விதைக் குழிக்கு மூன்று விரல் தள்ளி, விதையை விட மூன்று விரல் ஆழமாகப் பசளைக் குழி. இரண்டையும் ஒரே குழியில் போட வேண்டாம். 60க்கு 30 என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 22,500 குழி. 40 கிலோவைப் பங்கிட்டால் குழிக்கு 2 கிராம்கூட வராது, மூன்று விரலால் எடுக்கிற ஒரு சிட்டிகை. ஆள் இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் கோடு கிழிப்பதுதான் சுகம்.

குச்சவெளி_தோட்டம்

மலிவாகக் கிடைக்கும் எப்பாவெல பாறைப் பொஸ்பேற்றை டி.எஸ்.பிக்குப் பதிலாக வரிசையில் இடலாமா? யாராவது சொல்லுங்கள்.

மண்ணும்_பயிரும் (கந்தளாய்)

சோளனுக்கு வேண்டாம். அது கரைவது மிக மெதுவு. தேயிலை, இறப்பர், தென்னை மாதிரி வருடக்கணக்கில் நிற்கிற பயிருக்கு, அதுவும் அமில மண்ணில் பொருந்தும். மூன்றரை, நான்கு மாதத்தில் முறிக்கிற பயிருக்கு அது கரைகிற நேரம் அறுவடை முடிந்திருக்கும். பாறைப் பொஸ்பேற்றைப் பட்டையாக இடுவதும் தலைகீழான வேலை. அது கரைவதற்கு மண்ணோடு நன்றாகக் கலக்க வேண்டும். டி.எஸ்.பிக்கு நல்லது இதற்குக் கெடுதல்.

வெருகல்_இளையவன்

நன்றி காக்கா, நன்றி அண்ணா. விதைப்போடு இடுகிற அடிக்கட்டுப் பசளை விளங்கிவிட்டது. பயிர் வளர்ந்த பிறகு இடுகிற மேற்கட்டு யூரியா? எங்கள் பக்கம் எல்லோரும் வரிசைக்கு மேலால் வீசிக்கொண்டே போவார்கள். மழை பெய்யும்தானே, கரைந்து இறங்கிவிடும் என்கிறார்கள்.

மண்ணும்_பயிரும் (கந்தளாய்)

எங்கள் மாவட்டத்தில் அதிகம் காசு வீணாவது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஐப்பசியில் விதைத்தால், நான்காம் கிழமை மேற்கட்டு இடும் நேரம் கார்த்திகைக்குள் விழும். வடகீழ்ப் பருவக்காற்று மழை முறுகி வருகிற காலம். இரண்டு விதமாக இழக்கலாம். மழை ஓய்ந்து வெயில் அடிக்கிற நாலைந்து நாள் இடைவெளியில் ஈரமான மண்ணின் மேல் யூரியாவை வீசினால், அது கரைந்து அமோனியாவாகி ஆவியாகப் போகும். மறுநாள் காலை வரிசைக்குள் குனிந்து பாருங்கள், மாட்டுத் தொழுவத்து வாடை மூக்கில் அடிக்கும். அந்த வாடைதான் நீங்கள் கொடுத்த காசு. மறுபக்கம், வீசின இரவே அடைமழை கொட்டினால், சரிவான மேட்டு நிலத்தில் யூரியா தண்ணீரோடு ஓடிவிடும். மணலில் கீழே இறங்கி வேரைத் தாண்டிப் போகும். களியில் தண்ணீர் தேங்கினால் நைதரசன் வாயுவாகிப் பறக்கும்.

அரை அங்குல மழை நிதானமாகப் பெய்து மண்ணுக்குள் இறக்கினால் நல்லது. அதை நம்பித் தொழில் செய்ய முடியாது. அதனால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சிறு கோடு கிழித்து யூரியாவை இட்டு, மண் அணைக்கும்போதே மூடுங்கள். நான்கு கிழமையில் மண் அணைக்கிற வேலை எப்படியும் உண்டு. இரண்டையும் ஒரே நடையில் முடிக்கலாம். களையை முதலில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புல்தான் முதலில் சாப்பிடும்.

முழு யூரியாவையும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டாம். சோளன் நைதரசனை அதிகம் இழுப்பது முழங்கால் உயரத்துக்குப் பிறகு ஆண்பூ தள்ளும் வரை. நான்காம் கிழமை ஒரு பங்கு, பூக்குமுன் ஒரு பங்கு என்று பிரித்தால் ஒரு பெருமழை வந்தாலும் மிச்சம் கையில் இருக்கும். இரண்டாம் தடவை வரிசைக்கு மிக அருகில் ஆழமாகக் கொத்த வேண்டாம். அந்த வயதில் வேர் வரிசைகளுக்கு நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், அறுந்துவிடும்.

கீழ் இலையில் நுனியிலிருந்து நடு நரம்பு வழியே வீ வடிவில் மஞ்சள் ஓடினால் அது நைதரசன் குறைவு. கீழ் இலையின் ஓரம் கருகினால் பொற்றாசியம். இதைப் பார்த்துப் பழகுங்கள், இரண்டாம் தடவைக்கு எவ்வளவு வேண்டும் என்று பயிரே காட்டும்.

மூதூர்_அக்கா

வீசுவதில் இன்னொரு கேடும் உண்டு, தம்பி. யூரியா மணி சோளன் குருத்துக்குள் விழுந்து நின்றால் அந்த இடம் வெந்து வெள்ளையாகிவிடும். 2018இல் படைப்புழு வந்ததிலிருந்து ஒவ்வொரு குருத்தையும் விரித்துப் பார்க்கிற வேலையாகிவிட்டது. புழு தின்ற ஓட்டையும் யூரியா சுட்ட தழும்பும் சேர்ந்தால் எது எதனால் என்று பிரித்தறிய முடியாமல் வீணாக மருந்தடிப்பார்கள்.

நான் சோயாவைப் பற்றிச் சொல்ல வந்தேன். நெல் வெட்டின வயலில் சிறுபோகத்தில் போடுகிறேன்.

சோயாவைச் சோளன் மாதிரி நினைத்துப் பசளை போடாதீர்கள். வேர்முடிச்சு ஒழுங்காகப் பிடித்தால் அதற்கு வேண்டிய நைதரசனில் பாதிக்கு மேல் அதுவே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். யூரியாவை அள்ளிக் கொடுத்தால் செடி பச்சையாகத் தழைக்கும், பார்க்க நல்லாக இருக்கும், முடிச்சு பிடிக்காது. காய்க்கிற நேரம்தான் அதற்கு நைதரசன் அதிகம் வேண்டும், அப்போது முடிச்சும் இல்லை, நீங்கள் போட்ட யூரியாவும் இல்லை.

விதையோடு எந்தப் பசளையும் தொடக்கூடாது. சோளன் விதை கொஞ்சம் தாங்கும், சோயா தாங்கவே தாங்காது. 40 சென்ரிமீற்றர் வரிசை கிழித்து, டி.எஸ்.பியை ஒரு பக்கக் கோட்டில் இட்டு மூடி, மறு பக்கத்தில் விதை ஊன்றுகிறோம். எம்.ஓ.பியை உழவிலேயே வீசிவிடுவேன். சோயா விதையை ஆழமாகப் போட வேண்டாம், இரண்டு விரல் போதும். மழைக்குப் பிறகு எங்கள் மண் மேலே ஓடு கட்டும், அதை முட்டிக்கொண்டு வர அதற்குப் பலம் போதாது.

வெருகல்_இளையவன்

அக்கா, என் நிலத்தில் சோயா போட்டதே இல்லை. முடிச்சு தானாகப் பிடிக்குமா?

மூதூர்_அக்கா

பிடிக்காமல் போகலாம். சோயாவுக்கு உரிய றைசோபியம் (வேரில் முடிச்சு பிடிக்க வைக்கிற கிருமி) வேறு. பயறு, கௌபி போட்ட மண்ணில் இருப்பது அதற்குச் சரிவராது. கமநல சேவை நிலையத்திலும் போதனாசிரியரிடமும் சோயாவுக்கான றைசோபியம் கலவை எங்கே எடுக்கலாம் என்று இப்போதே கேட்டு வையுங்கள். கிடைத்தால் நிழலில் வைத்து, சோறு வடித்த கஞ்சியைக் கொஞ்சமாகத் தெளித்து விதையோடு பிரட்டி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். வெயிலில் காயவிட்டால் கிருமி செத்துவிடும். பசளையோடு கலந்தாலும் சாகும். நீங்கள் பசளையை விதையிலிருந்து தள்ளி இடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாம் கிழமை நாலைந்து செடியை மண்வெட்டியால் வேரோடு தோண்டி எடுங்கள். பிடுங்கக்கூடாது, முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நிற்கும். தண்ணீரில் மெல்ல அலசி, ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, பச்சை இறைச்சி நிறத்தில் இருந்தால் வேலை செய்கிறது, யூரியாவைத் தொடவே வேண்டாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால், அல்லது முடிச்சே இல்லையென்றால், அந்தப் போகத்துக்கு மேற்கட்டு யூரியா கொடுத்துத்தான் பயிரைக் காப்பாற்ற வேண்டும்.

விதையையும் முளைக்கப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சோயா விதைக்கு முளைதிறன் வேகமாகக் குறையும்.

நிலாவெளி_மணல்

இங்கே கடற்கரை மணல் நிலத்துக்காரர் யாராவது வாசித்தால் ஒரு குறிப்பு. மேலே சொன்ன பட்டை முறை டி.எஸ்.பிக்கு எங்களுக்கும் பொருந்தும். யூரியாவும் எம்.ஓ.பியும் மணலில் நிற்காது. கிணற்றுத் தண்ணீரில் சொட்டு நீர்ப்பாசனம் போட்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொடுப்பதுதான் வழி. குழாய் இல்லாதவர்கள் மூன்று தடவையாவது பிரித்துக் கொடுங்கள். ஒரேயடியாகப் போட்ட யூரியா கிணற்றுத் தண்ணீருக்குள்தான் போய்ச் சேரும். அந்தக் கிணற்றில்தான் நாங்கள் குடிக்கிறோம்.

குச்சவெளி_தோட்டம்

இலைக்கு யூரியா தெளித்தால் இவ்வளவு பாடு தேவையில்லை என்று கடையில் சொன்னார்கள்.

மண்ணும்_பயிரும் (கந்தளாய்)

இலையால் கொடுக்கக்கூடியது கிராம் கணக்கு, சோளன் கேட்பது கிலோக் கணக்கு. 2 சதவீதக் கரைசல் என்றால் 100 லீற்றர் தண்ணீரில் 2 கிலோ யூரியா. அதற்கு மேலே போனால் இலை கருகும். தண்ணீர் தேங்கி வேர் திணறுகிற சில நாட்களுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். துத்தநாகம் மாதிரி நுண்சத்துக்கு அது நல்ல முறை.

தம்பலகாமம்_கமக்காரன்

எருவைப் பற்றி ஒருவரும் விரிவாகப் பேசவில்லையே. 2021இல் வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, கார்த்திகையில் தடையை எடுத்தார்கள். அந்த இடைவெளியில் எங்கள் பக்கம் தப்பின மேட்டுப் பயிர் பட்டி அடைத்த நிலத்தில் நின்றதுதான். மாட்டுக்காரரிடம் சொல்லி, உழவுக்கு முன் நிலத்தில் மாட்டுப் பட்டியை மாற்றி மாற்றி அடைத்தால் காசில்லாமல் எருவும் மூத்திரமும் விழும். தம்பி, வெருகலில் மாட்டுக்குப் பஞ்சமில்லை.

மண்ணும்_பயிரும் (கந்தளாய்)

ஐயா, இது முக்கியமான பேச்சு. எரு மட்டும் சோளனுக்குப் போதாது, 2021இல் அதைக் கண்ணால் கண்டோம். ஆனால் எரு விழுந்த மண்ணில் டி.எஸ்.பி கட்டுப்படுவது குறையும், ஈரமும் நிற்கும். எருவை நிலம் முழுதும் பரப்பி உழுதுவிட்டு, வாங்கின டி.எஸ்.பியை வரிசையில் இடுவது ஒன்றுக்கொன்று உதவி.

வெருகல்_இளையவன்

சரி, இப்படிச் செய்யப் போகிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள். புரட்டாதிக்குள் பட்டி அடைத்து உழுவது. சோளனுக்கு டி.எஸ்.பி, எம்.ஓ.பி, சிறிது யூரியா மூன்றையும் கோட்டில் இட்டு மூன்று விரல் மண் மூடி, பக்கத்தில் விதை. மேற்கட்டு யூரியா இரண்டு தடவை, முதலாவது மண் அணைப்போடு. சோயாவுக்கு டி.எஸ்.பி மட்டும் பக்கக் கோட்டில், விதைக்கு றைசோபியம், ஐந்தாம் கிழமை முடிச்சுப் பார்ப்பது.

எல்லாக் கோட்டிலும் பசளை இடாமல் ஐந்தாறு வரிசையை மட்டும் வீசி விட்டுப் பார்க்கலாமா? என் மண்ணில் எது உதவுகிறது என்று எனக்கே தெரியும்.

மண்ணும்_பயிரும் (கந்தளாய்)

கட்டாயம் செய்யுங்கள். ஆனால் ஓர வரிசையில் வேண்டாம். வேலியோர வரிசைக்கு வெயில் கூட, காட்டுப்பன்றியும் அங்கேதான் முதலில் வரும். நடுவில் ஆறு வரிசை வீசுங்கள், பக்கத்தில் ஆறு வரிசை கோட்டில் இடுங்கள், இரண்டுக்கும் ஒரே அளவு பசளை. முறிக்கும்போது இரண்டிலும் நடு வரிசைகளை மட்டும் ஒரே நீளத்துக்கு எடுத்து, மணியைக் காயவைத்து நிறுங்கள்.

பட்டி அடைக்க முன்பே மண் மாதிரி எடுத்துவிடுங்கள், அடைத்த பிறகு எடுத்தால் சாணி கலந்து கணக்குப் பிழைக்கும். நிலத்தில் குறுக்கும் மறுக்கும் நடந்து பதினைந்து இடத்திலாவது ஒரு சாண் ஆழத்துக்கு எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவை நிழலில் உலர்த்திக் கொடுங்கள். மேல் பக்கத்துச் செம்மண்ணும் கீழ்ப் பக்கத்துக் களியும் தனித்தனிப் பையில்.

கிண்ணியா_காக்கா

தராசு இல்லையென்றால் முறிக்கிற கிழமை சொல்லுங்கள் தம்பி. என்னிடம் தொங்கு தராசு ஒன்று இருக்கிறது, கொண்டு வருகிறேன்.